ஒஜிக்கொட்டை வந்து சேர்ந்தது

தாமுவே, யாங்கோன்
வைகாசி 12

அன்புள்ள மகன் உதயசூரியனுக்கு,

உன் உலோமா எழுதி அனுப்பிய தாளைப் பிரித்ததும் உன் தங்கை லதாவின் கண்ணில் முதலில் பட்டது சிவப்பு மை. எழுத்தெல்லாம் நீலம், எழுத்துக்கு அடியில் வைத்த புள்ளிகள் மட்டும் சிவப்பு. எழுதி முடித்துவிட்டு மறுபடி முதல் வரிக்கு வந்து ஒவ்வொரு புள்ளியாக வைத்திருக்கிறாள் என்று லதா சொன்னாள். பிள்ளை சுகமா என்று கேட்பதற்கு முன்னால் இதை ஏன்டி எழுதினாய் என்று, நான் சொல்வதை எழுத உட்கார்ந்த அவளை இப்போது திட்டினேன். எழுதியாச்சும்மா, தாள் வீணாப்போகும் என்கிறாள். மூன்று மாதமாக ஃபோனில் ஒன்னும் வந்து சேரலைப்பா என்று உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். நாலு நல்லது கெட்டதைச் சொல்லிவிட்டு மெதுவாக அந்தப் பேச்சுக்கு வரலாம் என்று இருந்தேன். வாய் திறக்காத பெண் முதல் வரியிலேயே என்னைப் போட்டுக்கொடுத்துவிட்டாள். ஆமாம் உதயா, தாள் வந்தது, கொட்டையும் வந்தது, மாசி மாதமே வந்துவிட்டது. கோபப்படாமல் கடைசிவரை படி.

நான், லதா, சொக்கன் மாமா மூவரும் முருகன் புண்ணியத்தில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் உலோமாவும் அவளுடைய அப்பா அம்மாவும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் சொல்லிக்கொள்கிறேன். உலோமாவின் பெயரை அங்கே சொல்லும்போது மட்டும் நாக்கு தடுக்குகிறது, முருகன் புரிந்துகொள்வான். இங்கே மழை பிடித்துக்கொண்டது. மாடிப்படியில் மூன்றாவது மாடி வரைக்கும் பாசி, போன வாரம் கீழ் வீட்டு மா கின் வழுக்கி விழுந்து கையில் கட்டுப் போட்டிருக்கிறாள். மின்சாரம் வருகிற நேரம் தினம் ஒரு மாதிரி. வந்ததும் மீ லாபி என்று தெருவே கத்தும், உடனே நான் மாவை அரைக்க ஓட வேண்டும், லதா மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் ஏற்ற ஓடுவாள், பாதி மாவில் நின்றுபோனால் மீதியைக் கையால் ஆட்டுகிறோம். தோசைக்கடை பரவாயில்லை. மார்க்கெட்டில் நம் பக்கம் ரெண்டு கடை மூடிவிட்டார்கள், அதனால் அவர்களுடைய வாடிக்கையும் நம்மிடம் வருகிறது. லதாதான் கவலை. பள்ளிக்கூடம் மூடியிருந்த வருஷங்களுக்குப் பிறகு சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கமாக இருக்கிறது என்று நின்றுவிட்டவள், இப்போது பதினேழு ஆகிறது, கடைக்கு வருகிறவர்கள் சட்னி கேட்டால் தலையை ஆட்டுகிறாள், இல்லை என்றாலும் தலையைத்தான் ஆட்டுகிறாள். ஊமைப் பொண்ணா பாவம் என்று ஒரு பர்மாக்காரம்மா என்னிடமே கேட்டுவிட்டாள். இதையும் எழுதச் சொன்னேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுதுகிறாள்.

கொட்டை விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலன்று வீடியோ காலில் நான் உலோமாவின் அம்மாவுக்கு அவர்களுடைய இக்போ மொழியில் வணக்கம் சொன்னேனே, அது லதா ஃபோனில் ஏதோ பாடம் பார்த்து எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், நான் ரேடியோவில் செய்தி படிக்கிறவள் மாதிரிப் பேசுகிறேனாம். உலோமாவின் அப்பா முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் அந்தப் புத்தக இக்போவைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார், ஆனால் ம்பைசெ என்கிற அவர் ஊரில் வீட்டு வாசலைத் தாண்டி அந்தப் பேச்சு உள்ளே வரக்கூடாதாம், உள்ளே ஊர்ப் பேச்சுதான் என்று நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். எனக்கு அவரை அன்றைக்கே பிடித்துப்போனது. மதராஸிலிருந்து கோயிலுக்கு வந்த ஒருவர் என் பேச்சைக் கேட்டு, அம்மா நீங்க பேசுறது எங்க முப்பாட்டன் காலத்துத் தமிழும்மா, நடுவுல நடுவுல பர்மா வேற என்று சிரித்தது உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு இருக்கிற பேச்சு இதுதானே, வேறு எதில் உன்னைக் கூப்பிடுவேன். அதனால் உலோமாவின் அப்பா, பெண் கேட்கிற வீட்டார் கொட்டைக்கு முன்னால் எங்கள் ஊர்ப் பேச்சில் நாலு வார்த்தை சொல்லட்டும், சொன்ன பிறகுதான் நாள் குறிப்பேன் என்றபோது தப்பாகவே தோன்றவில்லை. அவர்கள் நல்ல காரியத்துக்கெல்லாம் உடைத்துப் பகிர்கிற ஒஜிக்கொட்டை ஒன்றை எடுத்து, இது உன் வீட்டுக்குப் போகட்டும், எங்கிருந்து வருகிறேன் என்று அது அங்கே சொல்லட்டும் என்று உன் கையில் கொடுத்தாராம். உலோமா அந்த நாலு வார்த்தையைத் தாளில் எழுத, நீ இரண்டையும் சேர்த்து அமீர் அலியிடம் கொடுத்துவிட்டாய். கப்பல் வேலை முடிந்து ஊருக்கு வருகிறவன், நம்பிக்கையான பையன், சரிதான்.

அவன் வந்ததும் நேரே மௌல்மீனில் இருக்கும் மனைவி வீட்டுக்குப் போய்விட்டான், பொட்டலத்தைத் தன் தங்கை ஹுஸ்னாவிடம் கொடுத்திருக்கிறான். ஹுஸ்னா குடியிருப்பது க்யிம்யிண்டைங்கில் என்றாலும் தினமும் பஸ் ஏறி நம் மார்க்கெட்டுக்குத்தான் துணி விற்க வருகிறாள். அவள் பொட்டலத்தோடு கடைக்கு வந்தபோது நான் இல்லை. வார்டு ஆபீசில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற பட்டியலில் உன் பேர் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள், பையன் வெளிநாட்டில் கப்பல் பட்டறை வேலையில் இருக்கிறான் என்று எழுதிக்கொடுக்கப் போயிருந்தேன், காலையில் போனவள் மத்தியானம்தான் திரும்பினேன். மாவ்பியிலிருந்து கீரை மூட்டையோடு வந்திருந்த சொக்கன் மாமாதான் கடையில் உட்கார்ந்திருந்தார். ஹுஸ்னா அவர் கையில் கொடுத்திருக்கிறாள். மாமாவைப் பற்றி உனக்குத் தெரியாதா. வெற்றிலையில்லாமல் அரை மணி இருக்க முடியாது. பொட்டலத்தைப் பிரித்தார், இலைக்குள்ளே சிவப்பாக ஒரு கொட்டை, மருமகன் வெளிநாட்டுப் பாக்கு அனுப்பியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, பாக்குவெட்டியை எடுத்துக் குறுக்கே ஒரே வெட்டு. பாதியைச் சீவி, சுண்ணாம்பு தடவி, வெற்றிலையில் குன்யாவாக மடித்து வாயில் போட்டுக்கொண்டார். நான் வரும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டு, என்னாம்மா கமலா, ஓம் மவன் அனுப்புன பாக்கு இப்புடி கசக்குது, ஆப்பிரிக்காவுல இதத்தான் திங்கிறானா என்றார்.

லதா அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். உலோமா ஊர்ப் பேச்சுக்குக் கீழே ஆங்கிலத்தில் விளக்கம் எழுதியிருந்தாள், லதா ஃபோனில் அகராதி பார்த்து ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். வீட்டில் மூத்த ஆண் கொட்டையைக் கையில் எடுக்க வேண்டும், அந்த வார்த்தைகளைச் சொல்ல வேண்டும், கையால் பிளக்க வேண்டும், எத்தனை பிளவு என்று எண்ண வேண்டும், நாலு என்றால் ரொம்ப நல்லது, பிறகு இருக்கிற எல்லாருக்கும் ஒரு துண்டு. மாமா கேட்டுவிட்டு வாயிலிருந்ததைத் துப்புவதா விழுங்குவதா தெரியாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் விழுங்கிவிட்டார். குறுக்கே வெட்டினதை எப்படி எண்ணுவது, பிளவு எத்தனை என்று யாருக்குத் தெரியும், சகுனமே போச்சு என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். லதா மீதிப் பாதியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அம்மா, வெட்டின எடத்துல கோடு தெரியுது, எண்ணிட்டேன், நாலு என்றாள்.

இந்த இடத்தை நன்றாகப் படி உதயா. நாலு என்று தெரிந்த பிறகும் நான் உன்னிடம் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் நீ ஃபோனில், அம்மா, கொட்டை வந்துச்சா என்று கேட்டாய். மாமா செய்த கூத்தைச் சொல்ல வெட்கப்பட்டு வரலை என்று சொன்னதாக லதாவிடம் சொன்னேன், என்னிடமே நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அது இல்லை. கொட்டை வந்தது என்று சொன்னால் அவர் நாள் குறிப்பார், நாள் குறித்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் நீ அங்கே வீடு எடுப்பாய், அப்புறம் உன் பிள்ளைகள் ம்பைசெ பேச்சுப் பேசும், நீ இங்கே விருந்தாளியாக வந்து போவாய். வரவில்லை என்கிற வரைக்கும் நீ இன்னும் கப்பலுக்குப் போன பிள்ளைதான், திரும்பி வருகிற பிள்ளைதான். ஒரு வாரத்துக்கு மட்டும் இப்படி இருக்கட்டும் என்று நினைத்தேன், அது மூன்று மாதமாகிவிட்டது. காலையில் முதல் தோசையை ஊற்றும்போது இன்னும் உனக்கென்று ஓரத்தை முறுகலாக விடுகிறேன், பிறகு யாரோ ஒருவர் அதைத் தின்றுவிட்டுப் போகிறார். நீ போய் ஐந்து வருஷம் ஆகிறது, என் கைக்கு இன்னும் அது தெரியவில்லை.

ஆனால் என் பொய் போய் உட்கார்ந்தது ஹுஸ்னா தலையில். நீ அமீர் அலியைக் கேட்டாய், அவன் ஹுஸ்னாவைக் கேட்டான், மாமாகிட்ட குடுத்தேன் என்று அவள் சொல்ல, அவன் மாமாவுக்கு ஃபோன் போட, மாமா என் முகத்துக்காக, எனக்கு ஒன்னும் ஞாபகமில்லப்பா என்றுவிட்டார். அதிலிருந்து ஹுஸ்னா கடைப்பக்கம் வந்தால் என்னை அக்கா என்று கூப்பிடுவதில்லை. தோசையை வாங்கிக்கொண்டு, மிச்சத்தை எண்ணாமல் வாங்கிக்கொண்டு போவாள். போன வெள்ளிக்கிழமை மழைக்கு நம் கடைத் தார்ப்பாய்க்குள் ஒதுங்கினாள், ஒதுங்கியவள் சும்மா இருந்திருக்கலாம், என்னைப் பார்க்காமல் லதாவைப் பார்த்துச் சொன்னாள், எங்க அண்ணன் என்கூடப் பேசி மூணு மாசம் ஆச்சு, வாப்பா மவுத்தானதுக்கு அப்புறம் எனக்கு அவன் ஒருத்தன்தான், ஒரு பொட்டலத்தக் கூட ஒழுங்கா குடுக்கத் தெரியாதவன்னு என்னயச் சொல்லிட்டான் என்று. லதா என்னைப் பார்த்தாள். அந்தப் பெண் பேசுகிறவளாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள், நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அதோடு போயிருக்கும். அவள் வெறுமனே பார்த்தாள். நான் தோசைக்கரண்டியைக் கீழே வைத்தேன்.

ஹுஸ்னாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கடையில் நின்ற இரண்டு பேரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள், கேட்கட்டும் என்று விட்டேன். அவள் நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு, ஏக்கா, ஒங்க அண்ணன் தின்னதுக்கு மூணு மாசமா நான் வயித்தெரிச்சல் பட்டேனா என்றாள். எனக்கு அழுகை வந்தது, அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அவளும் அழுதாள். அந்தக் கொட்டை எங்க, பொய் சொல்றதுக்கு மிச்சம் வச்சிருக்கீங்களா என்றாள். மீதிப் பாதியை முருகன் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன் என்றேன். அப்ப நாளைக்கு வாறேன், மாமனயும் வரச் சொல்லுங்க, குடுத்தது நான், எனக்கும் ஒரு துண்டு வேணும் என்று சொல்லிவிட்டு மழையிலேயே போனாள்.

சனிக்கிழமை மத்தியானம் கடையை மூடிவிட்டு வீட்டில் நாலு பேரும் உட்கார்ந்தோம். கொட்டை காய்ந்து கருத்திருந்தது, பிளவுகள் தானாகவே விட்டுப்போயிருந்தன, எல்லாருக்கும் காட்டி எண்ணினேன், நாலுதான். மாமா குளித்து, வெள்ளை லுங்கி கட்டி, அன்றைக்கு வெற்றிலை போடாமல் வந்திருந்தார், அதற்கே உன் மாமனார் அவரை மன்னிக்க வேண்டும். வார்த்தையை மாமா சொல்ல வேண்டும் என்று தாளில் இருக்கிறது, மாமாவுக்கோ ரோமன் எழுத்து தெரியாது. லதா இந்த மூன்று மாதமும் என்ன செய்திருக்கிறாள் தெரியுமா. பொட்டலத்துக்கு முன்னாலேயே உலோமா ஃபோனில் பேசி அனுப்பியிருந்த குரலை உளுந்து கழுவும்போதெல்லாம் காதில் வைத்துக் கேட்டு, அந்த நாலு வரியைப் பர்மா எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள். முதலில் தமிழில் எழுதிப் பார்த்தாளாம், நம் எழுத்தில் கனத்த சத்தத்துக்கும் லேசான சத்தத்துக்கும் ஒரே எழுத்து, போதவில்லையாம். அடிப்புள்ளியைப் பார்த்துவிட்டுப் பர்மாவில் செய்கிற மாதிரி சத்தத்தைச் சட்டென்று வெட்டவேண்டும் என்று நினைத்திருக்கிறாள், பிறகுதான் உலோமா குரலைக் கேட்டு, அங்கே புள்ளி வைத்தால் வாயை இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டும் என்று புரிந்ததாம். உலோமா சில எழுத்துக்குத் தலைமேல் சின்னதாக ஒரு ஹெச் போட்டிருக்கிறாள், அதுவும் சிவப்பில். எங்கள் ஊரில் இங்கே ஒரு மூச்சு விடுவோம், பள்ளிக்கூட எழுத்தில் அதற்கு இடமில்லை, அதனால் நானே போட்டேன் என்று எழுதியிருக்கிறாள். அந்த மூச்சுக்குப் பர்மாவில் தனி எழுத்தே இருக்கும்மா, கவுக்கும் இருக்கு, பவுக்கும் இருக்கு, சரியா உக்காருது என்கிறாள் லதா. இதை உலோமாவின் அப்பாவிடம் கட்டாயம் சொல். முப்பது வருஷம் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர், அவருடைய ஊர் மூச்சுக்கு யாங்கோனில் எழுத்து இருக்கிறது என்றால் சந்தோஷப்படுவார்.

லதா ஒவ்வொரு வார்த்தையாக மெதுவாகச் சொன்னாள், மாமா கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பிச் சொன்னார். தொண்டையும் உதடும் ஒரே நேரத்தில் மூடித் திறக்கிற அந்த எழுத்து வந்த இடத்தில் மூன்று தடவை முக்கிப் பார்த்துவிட்டு, அடி போடி, எனக்குப் பல்லு இருக்குறதே ஆறு என்றார். ஹுஸ்னா சிரித்துச் சாய்ந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் கொடுத்தது எங்கள் வீட்டுக்கு வந்தது, சாப்பிட்டோம், உங்கள் பெண் எங்கள் பெண், எங்கள் பிள்ளை உங்கள் பிள்ளை என்று அர்த்தமாம். கடைசி வரியை நானே சொன்னேன், மாமாவை முந்திக்கொண்டு. பெண்கள் சொல்லக்கூடாது என்றால் அவரிடம் நீ எனக்காகக் கேட்டுக்கொள், உன்னைக் கொடுப்பவள் நான், அந்த ஒரு வரியை இன்னொருவர் வாயில் விட முடியவில்லை. பிறகு ஆளுக்கு ஒரு துண்டு. என்ன கசப்பு அது. தண்ணீர் குடித்தேன், தண்ணீர் இனித்தது. உங்கள் ஊரிலும் அப்படித்தானா என்று உலோமாவைக் கேட்டு எழுது.

ஆகவே உலோமாவின் அப்பாவிடம் மறைக்காமல் எல்லாவற்றையும் சொல், பாக்குவெட்டியையும் சுண்ணாம்பையும் விடாமல் சொல். குற்றம் என்றால் என்ன பரிகாரமோ செய்கிறோம். வீட்டில் மூத்த ஆண்தான் உடைக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள், எங்கள் வீட்டில் மூத்த ஆண்தான் உடைத்தார், அதில் தவறில்லை என்று மாமா சொல்லச் சொல்கிறார், அவருக்கு இப்போது தைரியம் வந்துவிட்டது. நாளைக் குறிக்கட்டும். எங்களால் வர முடியாது என்பதும் நீ இங்கே வர முடியாது என்பதும் அவருக்குத் தெரியும். தாலியை இங்கே கோயிலில் வைத்துப் பூசை செய்து வைத்திருக்கிறேன், அமீர் அலியிடம் கொடுத்தனுப்புகிறேன், இந்தத் தடவை பொட்டலத்தை அவன் கையில் நானே கொடுப்பேன். அவன் வியாழக்கிழமை கப்பலுக்குக் கிளம்புகிறான். ஃபோனில் இதையெல்லாம் சொல்லியிருக்கலாம், உன் குரலைக் கேட்டால் மறுபடி பொய் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது, அதனால்தான் லதாவை உட்கார வைத்தேன்.

எண்ணெய் தேய்த்துக் குளி, அந்த ஊர் வெயில் தலைக்கு ஆகாது. பட்டறையில் கண்ணாடி போடாமல் வெல்டிங் பார்க்காதே. உலோமா என்றால் நல்ல வீடு என்று சொன்னாய், அந்த நல்ல வீட்டில் நீ நூறு வருஷம் இரு. அவளுடைய ஊர்ப் பேச்சை நன்றாகக் கற்றுக்கொள், அவள் அப்பாவிடம் புத்தகத்துப் பேச்சுப் பேசாதே. உன் பிள்ளைகள் எந்தப் பேச்சில் என்னைக் கூப்பிட்டாலும் எனக்குச் சம்மதம், நீ மட்டும் என்னிடம் இந்தத் தமிழிலேயே பேசு. என் கண் இருக்கும்போதே அவளையும் கூட்டிக்கொண்டு ஒரு தடவை வா. ஹுஸ்னாவுக்கும் அமீர் அலிக்கும் தனித்தனியாக ஃபோன் செய்து பேசு, மறந்துவிடாதே, இதுதான் முக்கியம். முருகன் உங்கள் இருவரையும் காப்பான். என் கை உங்கள் இரண்டு பேர் தலையிலும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

உன்னைப் பெற்ற,
கமலாட்சி

அண்ணா, இனி எழுதுவது லதா. அம்மா கையெழுத்துப் போட்ட பிறகு முழுவதையும் படிக்கச் சொன்னாள், படித்தேன். ஒரு தடவை வா என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். அந்த வாவ அடிச்சிடுடி, அவன் அதப் படிச்சிட்டு டிக்கெட்டு எடுத்தாலும் எடுத்துருவான், இங்க பட்டியல்ல பேரு இருக்கு, தெரியாத மாதிரி நல்லா கறுப்பா அடி என்றாள். சொல்லிவிட்டு மாவைப் பார்க்க எழுந்து போனாள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு, பென்சிலை எடுத்து, அந்த எழுத்தின் மேல் மெல்லியதாக ஒரு கோடு போட்டேன்.